கத்தியில் தெரியாத செம்பு

போடி பஸ் ஸ்டாண்டில் சிலமலை பஸ்சு எவ்வளவு நெரிசலாகக் கிளம்பினாலும் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். நான் ஏறியதும் மூன்று பேர் சீட்டிலிருந்து இரண்டு பேர் எழுந்து முன்னால் போய்விடுவார்கள். ஒரு தடவை கண்டக்டர், சிலிண்டர் ஏதும் தூக்கி வந்திருக்கிறேனா என்று என் பையைத் திறந்து பார்த்தார். பையில் ஒரு தூக்குச்சட்டியும் துண்டும்தான் இருந்தன. நாற்றம் என் சட்டையில் இருந்தது. வீட்டு காஸ் கசிந்தால் தெரியவேண்டும் என்று அதில் ஒரு கந்தகச் சரக்கைக் கலந்து வைத்திருப்பார்களே, அந்த வம்சத்தைச் சேர்ந்த ஒரு திரவத்தோடுதான் நான் காலையிலிருந்து மாலை வரை பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு இதே பஸ்சில் எனக்கு வேறு மரியாதை இருந்தது. மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மூன்று வருடம் அடுப்புப் பார்த்தேன். பச்சைக் காய் காயும் சூட்டில் நின்று பழகிய சட்டையில் ஏலவாசம் பத்து நாள் போகாது. பக்கத்து சீட்டுக்காரர், எந்த ஏலக்கடை முதலாளி நீங்கள் என்று விசாரிப்பார். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாரும் நிறுத்தவில்லை, ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, அங்கே இடது கையில் இரண்டு நகம் போனது. அப்புறம் கேரளத்தில் கல் குவாரி, போடியிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் கிளீனர், ஸ்டோர் அடுப்பு. ஓர் இடத்தில் மூன்று வருடத்துக்கு மேல் கால் தரிக்காது. போடி ஊருக்குள் ஒரு கல்லூரிக்கு வெள்ளையடிக்கப் போனபோது, வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் ஆள் வராமல் போய்விட்டார். அன்றைக்கு ஒரு நாள் கழுவிக் கொடு என்று துறைத்தலைவர் சொன்னார். கழுவினேன். மறுநாளும் வரச் சொன்னார். பெயிண்டு வாளியை அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டுத் தற்காலிக ஆளாகச் சேர்ந்துகொண்டேன்.

அந்த நாற்றத்துக்குச் சொந்தக்காரர் ராசிங்காபுரத்திலிருந்து வந்துபோன ஓர் ஆராய்ச்சி மாணவி. மாணவி என்று சொன்னாலும் முப்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகி, புருஷன் வீட்டுத் தென்னந்தோப்புக்கும் கல்லூரிக்கும் நடுவே ஐந்து வருடமாக அலைந்துகொண்டிருந்தார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். தயால் என்ற கந்தகச் சேர்மங்களை ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு வேகமாக, எந்த வழியாக ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வீட்டில் கொழுந்தனார், இந்தக் கெட்ட நாற்றத்தை இன்னும் எத்தனை வருடம்தான் அளந்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்பாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொல்வார்.

வேலை எளிதானது. தயால் கரைசலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, சூட்டை ஒரே அளவில் வைக்கவேண்டும். பெராக்சைடை ஊற்றியதும் ஸ்டாப் வாட்ச்சை அமுக்கவேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பிப்பெட்டில் கொஞ்சம் எடுத்து, வேறொரு மருந்து இருக்கும் சோதனைக்குழாயில் விடவேண்டும். தயால் மிச்சமிருந்தால் அது மஞ்சளாகும். நிறைய இருந்தால் நல்ல மஞ்சள், குறையக் குறைய வெளிர் மஞ்சள். அந்த நிறத்தை ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். எண்ணின் மடக்கையை எடுத்து நேரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் இறங்கவேண்டும். கோட்டின் சாய்வுதான் வேகம். பெராக்சைடை இரண்டு மடங்காக்கினால் சாய்வும் இரண்டு மடங்காகவேண்டும். சூட்டை ஐந்து டிகிரி கூட்டினால் இவ்வளவு கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல வரவேண்டும்.

வேகத்தைப் பார்த்து வழியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முதலில் கந்தகத்திடமிருந்து ஹைட்ரஜன் கழன்றுகொள்ளும். வெறுமனே நிற்கும் கந்தகம் பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன் சேர்ந்திருக்கும் இடத்தில் மோதி ஒன்றைப் பறிக்கும். அது மெதுவாக நடக்கும் படி. ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்ட கந்தகம் உடனே இன்னொரு தயாலைப் பிடித்துக்கொள்ளும்; இரண்டும் சேர்ந்து டைசல்ஃபைடு ஆகிவிடும். இது வேகமான படி. நான் ஜீப்பில் ஓடியவன் என்பதால் எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. அடிவாரத்து முந்தலிலிருந்து மலை உச்சியில் போடிமெட்டு வரை எத்தனை கொண்டை ஊசி வளைவு இருந்தாலும், மண் சரிந்து ஒற்றை வண்டி மட்டும் போகிற மாதிரி ஒரு வளைவு இருந்தால், மொத்தப் பயணத்தையும் அந்த ஒரு வளைவுதான் முடிவு செய்யும். அதைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த வளைவத்தாண்ணே அஞ்சு வருசமாத் தேடுறேன்."

மார்கழியிலும் தையிலும் எடுத்த கோடுகள் ஒழுங்காக இருந்தன. வைகாசிக்குப் பிறகு கெட்டுவிட்டன. அதே கரைசல், அதே சூடு, அதே அளவு. ஒரு நாள் சாய்வு இவ்வளவு, இன்னொரு நாள் அதைவிட இரண்டு மடங்கு. சில நாளில் புள்ளிகள் கோடாகவே இறங்காமல் வாழை மட்டை மாதிரி வளைந்தன. அவர் பெராக்சைடைப் புதிதாக வாங்கினார். வெப்பமானியை மாற்றினார். தயாலை மறுபடி வடித்துச் சுத்தம் செய்தார். அந்த வாரம் முழுக் கட்டடமும் எங்களைத் திட்டியது. ஒன்றும் சரிப்படவில்லை.

ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டித்த பதிவு அது. ஆவணிக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ரத்து. ஆடி பிறந்ததும் அவருடைய வழிகாட்டியான துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மூன்று வாரம் தருகிறேன், மூன்று வெவ்வேறு சூட்டில் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற அளவுகளைக் காட்டு, இல்லையென்றால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கெட்டவர் இல்லை அவர். ஒப்பாத எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடாத ஆள், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பி ஒரு கேள்வியும் கேட்டார்.

"ஏப்பா, நீ டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு மணியக் குத்துமதிப்பா எழுதுறியா?"

எனக்குக் கோபம் வரவில்லை. டீக்கடைக்குப் போனது உண்மை. சோதனை பாதியில் ஓடும்போது அளவெடுப்பைக் கொஞ்ச நேரம் மேடம் பார்த்துக்கொள்வார், நான் கேட்டுக்கு எதிரே போய் ஒரு டீ குடித்துவிட்டு ஓடிவருவேன். ஆனால் அவர் கேட்டபிறகுதான் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. திங்கட்கிழமைகளில் நான் டீயை நிதானமாக உட்கார்ந்து குடிப்பேன். திரும்பி வந்தாலும் குழாயில் மஞ்சள் பாதிக்கு இறங்கியிருக்காது. வெள்ளிக்கிழமைகளில் டீயை ஊதக்கூட நேரமில்லை, வருவதற்குள் வெளுத்துப்போயிருக்கும். ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும் அப்படித்தான். மேடத்திடம் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டித் தேதிகளைக் கிழமைகளோடு ஒப்பிட்டார். திங்கள் மெதுவு, புதன் நடுத்தரம், வெள்ளி வேகம். நோட்டில் தேதி மட்டும் இருந்து கிழமை இல்லாததால் அது கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

"கந்தகத்துக்குக் கெழமையா தெரியும்?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் மலைக்கு ஏறினேன். கல்லூரியில் தருவது அறை வாடகைக்குச் சரியாகப் போகும், சாப்பாட்டுக்கு மலைதான். ஆனி, ஆடியில் ஏலத்தோட்டங்களில் சாரல் விடாது அடிக்கும். ஈரத்தில் காய் பிடிக்கும் சரம் அழுகும், காய் கறுத்து உதிரும். அதைத் தடுக்கத் துருசு அடிப்பார்கள். மயில்துத்தம் என்று கீழே கடையில் விற்கும் அந்த நீலக் கல்லுக்கு மலையில் துருசு என்றுதான் பெயர். அதைத் தண்ணீரில் கரைத்து, நீற்றுச் சுண்ணாம்புப் பாலோடு கலந்து, பேரலில் வைத்து மோட்டாரில் செடித் தூருக்குத் தூர் அடிக்கவேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் செம்பு தனியாக மிஞ்சி இலையைக் கருக்கிவிடும். மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு வழி உண்டு. கல்லில் தீட்டின கத்தியைக் கலவைக்குள் முக்கி, ஒரு பீடி பிடிக்கிற நேரம் வைத்திருப்பார்கள். எடுக்கும்போது கத்தி அலகில் செம்பு நிறத்தில் படலம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு போடவேண்டும். அலகு பளபளவென்று வந்தால் கலவை சரி.

பாத்திரம் சுத்தமா என்று பார்ப்பதும் அதே கத்திதான். துருசு கரைத்த கேனில் வேறு எதையாவது ஊற்றவேண்டுமானால், மூன்று தண்ணீர் அலசி, சுண்ணாம்புப் பால் ஊற்றிக் குலுக்கி, மறுபடி அலசி, தண்ணீர் நிரப்பிக் கத்தியை உள்ளே நிறுத்துவார்கள். பளபளவென்று வந்தால் அந்தக் கேன் சுத்தம். அதில் குடிதண்ணீர்கூடக் கொண்டுபோவார்கள். மலையில் காலி கேனைத் தூக்கி எறிகிற வழக்கம் கிடையாது.

நான் கூலிக்குப் போகும் தோட்டத்தில் மருந்து கலக்குவது தேவாரத்துக்காரர் ஒருவர். நான் மாமா என்பேன், அவர் மாப்ளே என்பார். சொந்தம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் கலவை போட நான் பேரல்களை உருட்டப் போனேன். ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு நீலப் பேரல்கள் சாரலில் நின்றன. இரண்டிலும் ஒரு வாரத்து மழைத்தண்ணீர். ஒன்றில் கொசுப்புழு நெளிந்து நெளிந்து மேலே வந்துபோனது, ஓரத்தில் பச்சையாகப் பாசி. இன்னொன்றில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. ஒரு புழு இல்லை, பாசி இல்லை. அது என்ன பேரல் என்று மாமாவைக் கேட்டேன். போன வாரம் துருசு கலக்கியது, கழுவிக் கத்தி வைத்துப் பார்த்தாயிற்று, சுத்தமான பேரல் என்றார். நான் அவர் இடுப்பிலிருந்த கத்தியை வாங்கி அந்தத் தண்ணீரில் நிறுத்தினேன். ஒரு பீடி நேரம் ஆனது. அலகு பளபளவென்று வந்தது.

"பாத்தியா? கத்தி பொய் சொல்லாது மாப்ளே. நம்ம ரெண்டு பேருந்தான் சொல்லுவோம்."

நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்திக்குத் தெரியாத ஏதோ ஒன்று கொசுப்புழுவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஆய்வகத்தில் நான் வைத்த கேன் ஞாபகம் வந்தது.

காரணம் இதுதான். வைகாசியில் ஆய்வகத்தின் பெரிய கண்ணாடிக் குடுவையை நான் உடைத்துவிட்டேன். வாலைவடித்த தண்ணீரைச் சேமித்து வைக்கும் குடுவை அது. புதுசு கேட்டு எழுதினால் வர மாதக்கணக்காகும். அதனால் மலையிலிருந்து இருபது லிட்டர் கேன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். கேட்காமலே வேறு பாத்திரம் கொண்டுவந்து வைத்தேன் என்று மேடம் சந்தோஷப்பட்டார். துருசு கரைத்த கேன் அது. முறைப்படி மூன்று தண்ணீர் அலசி, சுண்ணாம்பு குலுக்கி, கத்தி நிறுத்திப் பார்த்துத்தான் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வடித்து அதில் நிரப்புவேன். வெள்ளிக்கிழமை வரை அதிலிருந்துதான் எல்லாக் கரைசலும். ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் இரண்டு மாதம் இருந்தும் என் கேனில் பாசி பிடிக்கவில்லை என்று நான் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு வரை மருந்தடித்தேன். ஆனால் கை மட்டும்தான் அடித்தது. கேனைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றினால் இனி எடுக்கிற கோடுகள் சரியாக வந்துவிடும், என் வேலையும் பிழைக்கும். ஆனால் நோட்டில் இரண்டு மாதத்துக் கணக்கு கிடக்கிறதே. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல் மேடம் கெட்டதில் பாதியைச் சேர்த்துக்கொண்டால், அந்தத் துறைத்தலைவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். மலையிலிருந்து இறங்கும் ஜீப்பில் பதினேழு வளைவும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கடைசி வளைவு வருவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. வேலை போனால் வேறு வேலை. அதற்கெல்லாம் நான் பழகியவன்.

திங்கட்கிழமை காலையில் மேடம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். குடுவையை உடைத்ததிலிருந்து கொசுப்புழு வரை. கேட்டு முடித்ததும் அவர் எழுந்துபோய்க் கேனைச் சாய்த்து, உள்சுவரை வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் மங்கலாக, சொன்னால்தான் தெரிகிற மாதிரி, இளநீலத்தில் ஒரு படலம். சுண்ணாம்பு செம்பைக் கழுவிவிடவில்லை. சுவரோடு சேர்த்து ஒட்டிவைத்திருந்தது. வடித்த தண்ணீர் காற்றைக் குடித்துக் கொஞ்சம் புளிப்பாகும், அது நாளுக்கு நாள் அந்தப் படலத்தைக் கரைத்திருக்கிறது என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். திங்களைவிட வெள்ளியில் அதிகம். கந்தகத்துக்குக் கிழமை தெரிந்த கதை அதுதான்.

"இத எப்பச் சொல்லணும்னு இருந்தீங்கண்ணே?"

"சனிக்கெழமதான் தெரியும் மேடம். ஞாயித்துக்கெழம பூரா பயந்துக்கிட்டிருந்தேன். இப்பச் சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஆய்வகத்து வெள்ளைக் கோட்டு எடுத்து மாட்டிக்கொண்டார். "நெனப்புல செம்பு இருந்தாப் பத்தாது. கண்ணுல காட்டணும். வெரசா அந்த அஞ்சு குடுவையக் கழுவுங்க. அமிலத்துல."

ஐந்து குடுவை வைத்தோம். முதலாவதில் போன வாரத்துக் கேன் தண்ணீர். இரண்டாவதில் அப்போதே வடித்து, நேராகக் கண்ணாடியில் பிடித்த தண்ணீர். மூன்றாவதில் அதே புதுத் தண்ணீரோடு சுண்ணாம்புத் தெளிவு ஒரு சொட்டு. நான்காவதில் புதுத் தண்ணீரோடு துருசு. அதைக் கரைத்து, கரைத்ததை மறுபடி கரைத்து, நிறமே தெரியாத அளவில் ஒரு சொட்டு. ஐந்தாவதில் கேன் தண்ணீரோடு ஒரு வெள்ளைப் பொடி. தண்ணீரிலிருக்கும் உலோகத்தைக் கவ்விப் பிடித்து அசையவிடாமல் வைக்கிற பொடி அது. எல்லாவற்றிலும் ஒரே அளவு தயால், ஒரே அளவு பெராக்சைடு.

அன்றைக்கு நான் டீக்கு வெளியே போகவில்லை. முதல் குடுவையும் நான்காவதும் போட்டி போட்டுக்கொண்டு வெளுத்தன. இரண்டாவதும் மூன்றாவதும் நிதானமாக, ஒன்றுபோல் இறங்கின. ஆக, சுண்ணாம்பு குற்றவாளி இல்லை. ஐந்தாவதைத்தான் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அதே கேன் தண்ணீர்தான். ஆனால் பொடி போட்டதும் அது புதுத் தண்ணீரின் கோட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. செம்பைப் பிடித்து நிறுத்தியதும் கூடுதல் வேகம் நின்றுபோனது. நான் கைதட்டிவிட்டேன். பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், நாற்றத்தில் உடனே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மேடம் அப்போது புதிதாக ஒரு படம் போட்டார். செம்பு தயாலிடமிருந்து ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது, அதைப் பெராக்சைடிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி ஆகிவிடுகிறது, மறுபடி வாங்கப் போகிறது. தீர்ந்துபோவதே இல்லை. அதனால்தான் கத்தியில் தெரியாத அளவே போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு மலையில் கூலிக்குப் போகிறவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை ஞாபகம் வந்தது. ஜீப்பு வளைந்து வளைந்து போகும், அவர்கள் பாறையோரமாக நேரே ஏறி மெட்டில் முன்னால் நிற்பார்கள். குறுகல் வளைவை அவர்கள் தொடுவதே இல்லை. நாங்கள் இரண்டு மாதமாக ஜீப்பின் நேரத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் போகிறவர்களையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கெடு முடிய பதினோரு நாள் இருந்தது. கேனை மூலையில் ஒதுக்கினோம். தண்ணீரைத் தினமும் புதிதாக வடித்தோம், கண்ணாடியில் பிடித்தோம், பொடி ஒரு சிட்டிகை போட்டோம். முப்பது டிகிரியும் முப்பத்தைந்தும் தொல்லையில்லாமல் வந்தன. இருபத்தைந்துக்குத்தான் போடியின் சூடு விடவில்லை. மேற்கே மலையில் மழை, கீழே காற்றும் புழுக்கமும். மீன் கடையில் ஐஸ் வாங்கிவந்து தொட்டியில் கொட்டினேன். அதுவரை ஆய்வகத்தில் இல்லாத ஒரே நாற்றம் அதுதான், அதுவும் சேர்ந்துகொண்டது. ஆனால் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நேற்று எடுத்ததன் மேல் இன்று எடுத்தது அப்படியே உட்கார்ந்தது. மேடம் ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு வரைபடத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னலில் பிடித்துக் காட்டுவார். ஒரே கோடுதான் தெரியும்.

பத்தாம் நாள் துறைத்தலைவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எல்லாத் தாளையும் பார்த்தார். நன்றாக இருக்கிறது, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது என்றார். என் கண் முன்னால் ஒன்று செய்யுங்கள், முப்பத்தைந்து டிகிரியில். மேடம் பெராக்சைடை ஊற்றினார். நான் வாட்ச்சை அமுக்கினேன். நான்காவது அளவெடுப்பு முடிந்ததும் ஆடிக் காற்றுக்குக் கரண்டு போனது.

தொட்டியின் சூடேற்றி அணைந்துவிட்டது. சூடு இறங்கினால் கோடு முறியும். அந்த ஒரு சோதனை போனால் அவர் எழுந்துபோய்விடுவார். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஸ்டோரில் மூன்று வருடம் விறகும் காற்றும் வைத்துச் சூட்டைப் பிடித்தவன். அங்கே இரண்டு டிகிரி தவறினால் ஒரு அறைக் காயும் நிறம் கெட்டுவிடும். பாத்திரம் கழுவ வைத்த வெந்நீர் ஸ்பிரிட் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் வெப்பமானி, ஒரு கையில் குவளை. பாதரசம் அசைய நினைக்கும்போதே ஒரு மடக்கு ஊற்றுவேன், கலக்குவேன், மறுபடி பார்ப்பேன். மேடம் பிப்பெட்டை நிறுத்தாமல் எடுத்துக் குழாய்களில் விட்டுக்கொண்டே போனார். நேரத்தைத் துறைத்தலைவரே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் எப்போது எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. பாதரசம் கால் டிகிரிகூட நகரவில்லை.

நிறம் படிக்கும் கருவிக்குக் கரண்டு வேண்டும். ஆனால் அதற்கு முன்பே எல்லாம் தெரிந்துவிட்டது. தாங்கியில் குழாய்கள் வரிசையாக நின்றன. முதலாவது மாம்பழ மஞ்சள், கடைசியில் எலுமிச்சைத் தண்ணீர், நடுவில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி இளைத்தது. ஓர் இடத்திலும் தாவல் இல்லை. அரை மணி நேரத்தில் கரண்டு வந்தது. மேடம் எண்களைப் படித்தார், துறைத்தலைவர் தன் கையாலேயே புள்ளி வைத்தார். பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப் புள்ளிகளின் மேல் வைத்தார். ஒன்றுகூட ஸ்கேலுக்கு வெளியே நிற்கவில்லை. கரண்டு போவதற்கு முன் எடுத்தவை எவை, பின் எடுத்தவை எவை என்று கேட்டால் யாராலும் சொல்லமுடியாது.

"கோட்ட நான் போடலம்மா," என்றார். "அதுவாப் போகுது." பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தத் தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டார். வெளியே போகும்போது என்னிடம் நின்று, டீ சாப்பிட்டியாப்பா என்று கேட்டார். மூன்று பேரும் எதிர்க்கடைக்குப் போனோம். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் நாங்கள் குடித்த மூன்று கிளாஸையும் தனியாகக் கழுவினார்.

அந்தச் சனிக்கிழமை மலையில் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கத்திக்குத் தெரியாததா நாற்றம் பிடித்த உங்கள் தண்ணீருக்குத் தெரிந்துவிட்டது என்றார். கத்திக்குக் கண் மங்கல் மாமா என்றேன். முறைத்தார். ஆனால் மறுவாரம் போனபோது, குடிதண்ணீர் எடுக்கும் கேன்களுக்கு மட்டும் மூடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. துருசு தொட்ட கேனில் ஒருவரும் குடிதண்ணீர் பிடிக்கக்கூடாது என்று அவரே உத்தரவு போட்டிருந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கொசுப்புழுவைக் காட்டினாராம். என் பெயரைச் சொல்லவில்லை.

ஆய்வேடு ஆவணி முடிய நாலு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. கெட்டுப்போன இரண்டு மாதத்தை மேடம் தூக்கிப் போடவில்லை. எந்தெந்தக் கிழமையில் தண்ணீரில் எவ்வளவு செம்பு இருந்திருக்கும் என்று அளந்து, செம்பு கூடக் கூட வேகம் எப்படிக் கூடுகிறது என்று அதையே ஒரு தனி அத்தியாயமாக்கிவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் கேட்டாராம். எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. கொழுந்தனார் அன்றைக்கு ராசிங்காபுரத்திலிருந்து வேன் பிடித்து, தோப்பு ஆட்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் புரியாமல், எல்லாவற்றுக்கும் கைதட்டினார்.

அடுத்த வருடம் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். மூன்று வருடம் ஆகிவிட்டிருந்தது. அதன்பிறகு இரண்டு ஊர், மூன்று வேலை. போன மாதம் போடி வழியாகப் போனபோது ஆய்வகத்தில் எட்டிப் பார்த்தேன். மேடம் இப்போது அதே கல்லூரியில் பாடம் எடுக்கிறார். நாற்றம் அப்படியே இருக்கிறது. ஜன்னலோரத்தில், வெயில் படும் இடத்தில், என் கேனும் இருந்தது. அதன்மேல் அவருடைய கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘கழுவக்கூடாது. நிரப்பக்கூடாது. தூக்கிப் போடக்கூடாது.’ மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் பழைய தண்ணீர் கொஞ்சம் நின்றது. இன்னும் பாசி பிடிக்கவில்லை.